கணினியும் ஏவல் வினையும்

விழா மலருக்கு இலக்கணப் பாடம் ஒன்று எழுதித் தருக என மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, ஆகுபெயரைப் பற்றியோ அன்மொழித்தொகையைப் பற்றியோ எழுதுதலே முறை என எண்ணினோம். ஆயின் அவ்விரண்டினையும் பழைய மாணவர் பலர் எம்மிடத்தும் எமக்கு முன்னிருந்த ஆசிரியர்களிடத்தும் வேண்டிய மட்டுங் கேட்டுக் களைத்தவர்கள். ஆதலின், கடந்த ஆண்டில் யாமே மாணாக்கராயிருந்து கற்ற ஒன்றனைப் பாடமாக்கத் துணிந்தோம். அது கணினியின் கட்டளை வரி. கற்பித்தவன் நம் கல்லூரியில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன். கற்றவரோ நாற்பதைக் கடந்தவரும், பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரமன்றி வேறு பட்டம் எதுவும் பெறாதவருமாகிய ஒரு தமிழாசிரியர்.

கற்க நேர்ந்த காரணத்தை முதலிற் கூறல் வேண்டும். பழைய மாணவர் தம் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதிய நினைவுக் கட்டுரைகள் 43 எம்மிடம் இருந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் அவற்றைத் தாமே தட்டெழுதி ஓர் இறுவட்டிற் பதிந்து வைத்திருந்தார். கையெழுத்துப் படிகள் இடப்பெயர்வுகளிற் போயின. எழுதியோருட் பலரும் இன்றில்லை. அந்த இறுவட்டை ஒரு பழங்கணினியில் இட்டுத் திறந்தபோது, தமிழ் எழுத்து ஒன்றேனும் தென்படவில்லை. ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்து பொருளின்றிக் கிடந்தன. அவை பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டவை; அவ்வெழுத்துரு அக்கணினியில் இல்லை.

எழுத்துருவை இட்டுப் பார்த்து, 43 கட்டுரைகளையும் மீண்டும் தட்டெழுதலாம் என்றோம். மாணவன் சிரித்தான். “கையாலை மாத்த ஏலாது சேர். கட்டளை எழுதி மாத்துவம்” என்றான். அன்று தொடங்கியது எம் பாடம்.

கணினியிற் காணும் படங்களையும் பட்டியல்களையும் சுட்டியாற் சுட்டிக் காரியங் கொள்வதே இன்று எல்லோர்க்கும் பழக்கம். அது, பேச்சு வராத குழந்தை வேண்டிய பொருளை விரலாற் காட்டுவதை ஒக்கும். கட்டளை வரியோ சொல்லால் ஏவுவது. கறுப்புத் திரையிற் சிறு கோடொன்று மின்னிக்கொண்டிருக்கும். அவ்விடத்தில் ஒரு சொல்லை எழுதி, வரிமுடிவு விசையை அழுத்தினாற் கணினி அதனைச் செய்யும். செய்தபின் “செய்தேன்” என்று கூறாது. மீண்டும் அக்கோடு மின்னும், அவ்வளவே. தவறு நேர்ந்தாலன்றி அது வாய்திறவாது என்னும் இவ்வியல்பு முதல் நாளில் எம்மை மிகவும் மருட்டியது.

இம்முறை புதியதன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி என்னும் இருவர் 1969இல் ஆக்கத் தொடங்கிய யுனிக்ஸ் என்னும் இயக்கமுறைமையே இன்று நாம் எழுதும் கட்டளைகளுட் பலவற்றுக்குத் தாய்வீடு. அக்காலத்திற் கணினியோடு பேசுதற்குத் திரை இல்லை. கடதாசியில் அச்சிடும் தொலைத்தட்டச்சுப் பொறியே இருந்தது. அது ஒரு வினாடிக்கு 10 எழுத்து வீதமே அச்சிடும். விசைகளை அழுத்துதலும் விரலுக்கு வருத்தந் தரும். ஆகவே சொற்களைக் குறுக்கினர். ‘பட்டியலிடு’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் எல், எஸ் என்னும் ஈரெழுத்தாயிற்று. ‘படியெடு’ என்பது சி, பி ஆயிற்று. ‘நீக்கு’ என்பது ஆர், எம் ஆயிற்று. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் அக்குறுக்கங்களை அப்படியே ஏற்றுக்கொண்டன. பொறி மறைந்தது, குறுக்கம் நின்றது. ஆங்கிலம் அறிந்தவர்க்கும் இச்சொற்கள் புதியனவே. எனவே ஆங்கிலத்திற் பின்தங்கிய மாணாக்கர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை ஆசிரியர்கள் வகுப்பிற் சொல்லிவைத்தல் நன்று.

இனி இலக்கணம். தமிழில் ‘நட’, ‘வா’, ‘எடு’ என விகுதி எதுவும் ஏலாது நிற்கும் வினைப்பகுதியே முன்னிலை ஒருமை ஏவலுமாகும். பவணந்தி முனிவர் நன்னூலில் இத்தகைய ஏவல்களை 23 ஈறுகளாக வகுத்துக் காட்டியதை யாவரும் படித்திருப்பீர். கணினிக் கட்டளையும் இத்தகைய வெற்றேவலே. ‘நீ’ என்னும் எழுவாய் தோன்றாது நிற்கும். அந்த ‘நீ’ கணினி. ஒரு வேற்றுமை உண்டு. தமிழ்த் தொடரில் வினை இறுதியில் நிற்கும்; கட்டளையில் அது முதலில் நிற்கும். அதன்பின் சிறுகோடு ஒன்றைத் தலையிற் சூடி வரும் ஓரெழுத்து, வினை நிகழ வேண்டிய வகையைக் கூறும் அடையாகும். அதன்பின் வருவது செயப்படுபொருள். அது பெரும்பாலும் கோப்பின் பெயராயிருக்கும். ‘நீக்கு, ஒவ்வொன்றாய்க் கேட்டு, இக்கோப்பை’ என்பது அமைப்பு. இதனை எம் குறிப்பேட்டில் எழுதியபின் அச்சம் பாதி நீங்கிற்று.

முதலிற் கற்க வேண்டியது, யாம் எங்கே நிற்கின்றோம் என்பது. பி, டபிள்யூ, டி என மூன்றெழுத்தை எழுதினால் நிற்கும் கோப்புறையின் முழுமுகவரியைக் கணினி கூறும். மாகாணம், மாவட்டம், ஊர், ஒழுங்கை, வளவு எனப் பெரிதிலிருந்து சிறிதிற்கு இறங்கும் முகவரி அது. இடையில் ஒவ்வொன்றையும் ஒரு சாய்கோடு பிரிக்கும். எல், எஸ் என்பது அவ்விடத்துள்ளவற்றைப் பட்டியலிடும். சி, டி என்பது வேறிடத்திற்குச் செல்லும். அதன்பின் இரண்டு புள்ளி இட்டால் ஒருபடி மேலேறும். இம்மூன்றனையும் ஒரு கிழமை பழகினோம். வேறொன்றும் கற்கவில்லை. மாணவன் பொறுமையிழந்தான், யாம் இழக்கவில்லை.

அடுத்து எண்ணுதற் கட்டளையைப் பழகுங்கால் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. ‘யாழ்ப்பாணம்’ என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என ஆறாந்தரப் பிள்ளையைக் கேட்டாலும் ஆறு என்னும். கணினியைக் கேட்டோம். ஒருவகையாற் கேட்க 33 என்றது. மற்றொரு வகையாற் கேட்க 11 என்றது. இரண்டும் பிழையல்ல. ஒருங்குறியில் உயிர்மெய்யின் மெய்ப்பகுதிக்கு ஓரிடமும் உயிர்க்குறிக்கு ஓரிடமும் உண்டு. ஒற்றின் புள்ளிக்கும் தனியிடம் உண்டு. ய, கால், ழ, புள்ளி, ப, புள்ளி, ப, கால், ண, ம, புள்ளி எனப் பதினொன்று. அவை ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்னும் குறிமுறையில் மும்மூன்று எண்ணலகு கொள்வதால் 33. ஆறு என்னும் விடையை அச்சிறு கட்டளை தராது. மெய்யையும் உயிரையும் சேர்த்து ஓரெழுத்தாகக் கொள்வது நம் இலக்கணம்; அதனைக் கணினிக்கு நாமே வேறாகக் கற்பிக்க வேண்டியிருக்கின்றது.

இவ்வறிவே பாமினியை வெல்லத் துணையாயிற்று. இலங்கையிற் பல்லாண்டு பெருவழக்காயிருந்த அவ்வெழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் இடத்திற் றமிழ் வடிவங்களை அமர்த்திய ஒன்று. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என ஐந்து விசைகளை அழுத்தினால் ‘தமிழ்’ என்று தோன்றும். கணினியின் நினைவில் உள்ளவையோ அவ்வாங்கில எழுத்துக்களே. செட் என்னும் கட்டளை, ஒரு கோப்பில் இன்னது வருமிடந்தோறும் இன்னதை இடுக என்னும் விதியை ஏற்று நடத்துவது. விகாரப் புணர்ச்சியில் ஓரெழுத்து மற்றோரெழுத்தாகத் திரிதலைக் கற்பிப்போர்க்கு இது புதிதன்று. ஜே வந்தால் த, கே வந்தால் ம, அரைப்புள்ளி வந்தால் ஒற்றுப்புள்ளி என ஒரு மாலையில் விதிகளை எழுதி ஓட்டினோம். ‘யாழ்ப்பாணம்’ பிழையின்றி வந்தது. ‘கொழும்பு’ வரவில்லை.

காரணம் கொம்பு. பாமினியில் எழுதுவோர் கையால் எழுதுமாறே ஒற்றைக்கொம்பை முதலில் இட்டு, பின் ககரத்தையும் காலையும் இடுவர்: என், எஃப், எச். ஒருங்குறியிலோ ஒலிக்கும் முறையே வரிசை. மெய்யின் பின்னரே உயிர்க்குறி வரும். ஒவ்வோர் எழுத்தாக மாற்றினாற் கொம்பு தனக்குரிய ககரத்தை விட்டு முன்னுள்ள எழுத்தில் ஏறிவிடும். ஆகவே ‘கொ’ போன்ற மூன்றெழுத்துக் கூட்டங்களை முதலிலும், ‘கெ’, ‘கே’, ‘கை’ போன்ற ஈரெழுத்துக் கூட்டங்களை அடுத்தும், தனியெழுத்துக்களை இறுதியிலும் மாற்ற வேண்டும். எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ என்னும் ஆறு உயிரும் 18 மெய்யோடு உறழ 108 விதிகள். தொகை மங்கலமாகவே அமைந்தது என மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ‘வெளிநாடு’ என்னும் சொல் வருமிடமெங்கும் ‘வௌிநாடு’ என நின்றது. ‘தெளிவு’, ‘வெள்ளம்’, ‘பெளர்ணமி’ யாவும் ஒரு கலக்கத்துள் அகப்பட்டன. இப்பிழை நம்மவர்க்குப் பழக்கமானதே. இணையத்திலும் அறிவித்தல்களிலும் வகரத்தின் மேல் ஔகாரமும் இகரமும் ஒருங்கேறிய இவ்வுருவைக் காணாதவர் அரியர். அது எங்ஙனம் பிறக்கின்றது என்பதை அன்றே அறிந்தோம். பாமினியில் ஔகாரக் குறியின் பிற்பகுதிக்குத் தனி விசை இல்லை. ளகர விசையே அதற்கும் பயன்படும். எனவே ‘வெள’ எனக் கிடப்பது ‘வௌவால்’ என்பதன் முதலெழுத்தோ, ‘வெளி’ என்பதன் முதற்பகுதியோ எனக் கணினியால் அறிய இயலாது. எமது விதி கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஔகாரமாக்கிற்று.

மாணவன் ஒரு சொற்பட்டியல் இட்டு ஒவ்வொன்றாகத் திருத்தலாம் என்றான். யாம் சிறிது நேரம் வாளா இருந்தோம். பின்னர், “தம்பி, ஒரு மெய்யின்மேல் இரண்டு உயிர் ஏறுமோ?” என்றோம். ஏறாது என்றான். அதுவே விதி. ஔகாரக் குறியை அடுத்து மற்றோர் உயிர்க்குறியோ புள்ளியோ வருமாயின் அஃது ஔகாரம் அன்று, கொம்பும் ளகரமுமே. அவ்விடத்து மட்டும் பிரித்து மீட்க வேண்டும். ஒரே வரியில் அவ்விதியை மாணவன் எழுதினான். ‘வெளிநாடு’ம் ‘தெளிவு’ம் ‘வெள்ளம்’மும் ஒருங்கே திருந்தின, ‘பௌர்ணமி’ கெடாது நின்றது. ஓராண்டிற் கணினியோடு பழகிய நேரத்தில் எமக்கு மெய்யான உவகை தந்தது அம்மாலையே. (ஆங்கிலத்திற் கிடந்த இலண்டன் நகரின் பெயர் மட்டும் டு, ழ, ன கலந்த உளறலாயிற்று. அவற்றைக் கையாலே திருத்தினோம்.)

ஒரு கட்டளையின் விளைவை மற்றொன்றுக்கு ஊட்டுதற்குரிய நெடுங்கோடும் இங்கே குறிப்பிடத்தக்கது. டக்ளஸ் மக்கில்ராயின் கருத்தாகப் பிறந்து 1973இல் யுனிக்ஸில் இடம்பெற்றது அது. ‘தேடி, வரிசைப்படுத்தி, எண்ணு’ என வினையெச்சங்களை அடுக்கி ஏவலில் முடிக்கும் நம் தொடரைப் போன்றதே. இதனால் எத்தனை கட்டுரைகளில் விடுதிச் சாப்பாடு குறிப்பிடப்பட்டுள்ளது என எண்ணினோம். தொகையை இங்கே வெளியிடின் அக்கால விடுதிப் பொறுப்பாளர்கள் மனம் வருந்துவர்.

இனிக் கூறப்போவது எம் பிழை. முயற்சிக்காலத்தில் ‘சோதனை’ எனப் பெயர் தொடங்கும் கோப்புக்கள் பல சேர்ந்துவிட்டன. அவற்றை ஒருங்கே நீக்க நினைத்தோம். உடுக்குறி, ‘எதுவாயினும்’ எனப் பொருள்படுவது. ‘சோதனை’ என எழுதி அதனோடு ஒட்டி உடுக்குறியை இட்டால் அப்பெயரில் தொடங்கும் யாவும் அடங்கும். மாணவன் அன்று வரவில்லை. யாம் தனியே இருந்து எழுதினோம். எழுதும்போது ‘சோதனை’ என்னும் சொல்லுக்கும் உடுக்குறிக்கும் இடையே இடைவெளி ஒன்று விழுந்துவிட்டது.

இடைவெளி வீழ்ந்ததும் பொருள் இரண்டாயிற்று: ‘சோதனை’ என்னும் கோப்பை நீக்கு, பின் எதுவாயினும் நீக்கு. கணினி அவ்வாறே செய்தது. ‘சோதனை’ என்னும் கோப்பு இங்கில்லை என ஒரு வரியிற் குறைகூறிற்று. இல்லாத ஒன்றைப் பற்றியே அது முறையிட்டது. இருந்த யாவற்றையும் வாய்திறவாது நீக்கிவிட்டது. பட்டியல் கேட்டோம். வெறுவரி வந்தது. சுட்டியால் நீக்கியவை குப்பைத்தொட்டியிற் சிலகாலம் கிடக்கும். இக்கட்டளையால் நீக்கியவை அங்குச் செல்வதில்லை. இறுவட்டை மீண்டும் இட்டோம். பழமையாற் கீறுண்டிருந்த அது, முன்னொரு முறை எப்படியோ திறந்தது, இம்முறை திறக்கவில்லை.

ஏட்டுச் சுவடிகளில் இடைவெளி இல்லை. ஒற்றுக்குப் புள்ளியும் இல்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையை அச்சேற்றியபோது, எங்கே சொல் முடிகின்றது என்பதைத் தம் புலமையாலன்றோ அறிந்திருப்பார்! ‘சொற்பிரிப்பிற் பொருள் பிறழும்’ என இருபது ஆண்டுகளாக வகுப்பிற் கூறிவரும் யாம், ஓர் இடைவெளியாற் பிறர் நினைவுகளை அழித்தோம். ஏட்டைப் படிப்பவர் பொருளறிந்து பிரிப்பர். கணினி இடைவெளி கண்ட இடத்திற் பிரிக்கும். எழுதியவன் கருத்து யாதென வினவாது.

மறுநாள் மாணவனிடம் கூறினோம். “என்ன சேர் செய்தனீங்கள்?” என்று ஒருமுறை கேட்டான், பின்பு ஒன்றும் கேட்கவில்லை. தன் பையிலிருந்து பென்டிரைவ் ஒன்றை எடுத்தான். இரு கிழமைக்கு முன் தன் வீட்டிற் பழகுதற்காகச் சில கட்டுரைகளைப் படியெடுத்துச் சென்றிருந்தான். அதில் 35 இருந்தன. எட்டுக் கட்டுரைகள் போயின.

1981இற் பொதுநூலகம் எரியுண்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த ஊரிற் பிறந்து வளர்ந்தும், ஒரே படியை ஒரே இடத்தில் வைத்திருந்தோம். நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி எவரும் படிக்குமாறு இணையத்தில் இட்டுவருகின்றனர். எஞ்சிய 35 கட்டுரைகளும் இப்பொழுது மூன்று இடங்களில் உள்ளன.

தொடக்கநிலையார்க்கு யாம் சொல்லத்தக்கவை சிலவே. படியெடுத்த கோப்புக்களில் மட்டும் பழகுக. உடுக்குறியோடு நீக்குமுன், அதே பெயரையும் உடுக்குறியையும் பட்டியற் கட்டளையோடு எழுதி, எவை அகப்படுகின்றன எனக் காண்க. ஒரு கட்டளையின் விளைவை அது படிக்கும் கோப்பின்மேலேயே எழுதுமாறு ஏவற்க. படிக்கத் தொடங்குமுன்னரே கணினி அக்கோப்பை வெறுமையாக்கிவிடும். பெயருள் இடைவெளி இருப்பின் மேற்கோட்குறிக்குள் அடைக்க. விண்டோஸ் கணினியிலும் கட்டளை வரி உண்டு. அதனுள் லினக்ஸை நிறுவவும் வழியுண்டு. கைப்பேசி மட்டும் உடையவர் டெர்மக்ஸ் என்னும் செயலியாற் பழகலாம். லினக்ஸ் பற்றித் தமிழிற் படிக்க விரும்புவோர்க்கு 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழிற் கட்டுரைகள் உள.

எம் கணினியில் இப்பொழுது ‘நீக்கு’ என்று தமிழிலேயே ஏவல் எழுதுகின்றோம். ஒரு கட்டளைக்கு வேறு பெயர் சூட்டக் கணினி இடந்தருகின்றது. மாணவன் ஆர், எம் என்பதனோடு ‘கேட்டு’ என்னும் அடையையும் சேர்த்து அப்பெயரிட்டான். ஒவ்வொரு கோப்புக்கும் நீக்கவா எனக் கேட்கின்றது. நாற்பது கோப்பாயின் நாற்பது முறை கேட்கின்றது. யாமும் நாற்பது முறை விடை கூறுகின்றோம்.

போன எட்டனுள் ஒன்று, கனடாவில் வாழும் அதன் ஆசிரியர் தம்மிடமிருந்த படியை அனுப்பியதால் மீண்டது. மற்றை ஏழும் 1950களிலும் 1960களிலும் இங்குக் கற்றோர் எழுதியவை. ஒன்று துடுப்பாட்டப் போட்டியொன்றைப் பற்றியது. ஒன்று விடுதியில் நவராத்திரி கொண்டாடியதைப் பற்றியது. ஒன்று கடுகதிப் புகையிரதத்திற் கொழும்புக்குப் பரீட்சை எழுதச் சென்றதைப் பற்றியது. ஏனைய நான்கன் பொருளும் எம் நினைவில் இல்லை. அவற்றின் அச்சுப்படியோ கையெழுத்துப்படியோ மின்கோப்போ பழைய மாணவர் எவரிடமேனும், அவர்தம் பிள்ளைகளிடமேனும் இருப்பின், மலர்க்குழுவினரிடம் சேர்ப்பிக்குமாறு வேண்டுகின்றோம். பாமினியில் இருப்பினும் ஏற்றுக்கொள்வோம்.